முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் வீரர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் முதல் உலகப் போர் என்றதும் பதுங்குகுழிப் போர் என்று ஓரிரு வரி வந்துபோகும். அந்தக் குழிக்குள் இருந்தவர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், கால் கழுவ வழி இருந்ததா என்றெல்லாம் அதில் இருக்காது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்குப் போரின் பெரும்பகுதி அதுதான். சண்டை நடந்த நாட்கள் குறைவு. ஈரத்தோடும் பேனோடும் தூக்கமின்மையோடும் மல்லுக்கட்டிய நாட்கள்தான் அதிகம்.

1914 முதல் 1918 வரை பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் நீண்டிருந்த மேற்கு முனையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பெரும்பாலும் பிரிட்டிஷ் படையின் பக்கம். இந்தியப் படை அதோடு சேர்ந்துதான் நின்றது.

ஏன் குழி தோண்டி உட்கார்ந்தார்கள்?

வெளியே நின்றால் சாவு. இயந்திரத் துப்பாக்கியும் வேகமாகச் சுடும் பீரங்கியும் வந்தபிறகு, திறந்த வெளியில் வரிசையாக நடந்துபோகும் படை சில நிமிடங்களில் அழிந்துவிடும். 1914 ஆகஸ்டில் தொடங்கிய போர் அந்த ஆண்டு முடிவதற்குள் இரு தரப்பையும் மண்ணுக்குள் இறக்கிவிட்டது. பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை சுமார் 700 கிலோமீட்டர் தூரத்துக்குக் குழிகள். 1918 வசந்தம் வரை அந்தக் கோடு பெரிதாக நகரவே இல்லை.

ஒரே ஒரு நீளமான பள்ளம்தானா?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வலைப்பின்னல். எதிரியைப் பார்த்தபடி முன்வரிசைக் குழி. அதற்குச் சற்றுப் பின்னால் துணை வரிசை, இன்னும் பின்னால் இருப்பு வரிசை. இந்த மூன்றையும் இணைக்கக் குறுக்குக் குழிகள். சாப்பாடு, தோட்டா, காயம்பட்டவர் எல்லாம் போய்வருவது இந்த வழியாகத்தான்.

முன்வரிசைக் குழியை நேர்கோட்டில் வெட்டமாட்டார்கள். சில மீட்டருக்கு ஒரு முறை மடங்கி மடங்கிப் போகும். ஒரு மடிப்புக்குள் குண்டு விழுந்தால் அதன் சிதறல் அடுத்த மடிப்புக்குப் போகாது. எதிரி உள்ளே குதித்துவிட்டாலும் குழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுட்டுத்தள்ள முடியாது. அதனால் அங்கே இருந்தவருக்கு உலகம் என்பது அந்த ஒரு மடிப்பும் மேலே தெரிகிற ஒரு துண்டு வானமும்தான். பக்கத்து மடிப்பில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது.

முன்சுவரில் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஆள் உயரத்தைவிடக் குழி ஆழமாக இருப்பதால், சுடும்போது ஏறி நிற்க உள்ளேயே ஒரு மண்படி. தரையில் மரச்சட்டப் பலகைகள், அவற்றுக்கு அடியில் நீர் வடியக் கால்வாய். முன்னால் முள்கம்பி வேலி. அதற்கும் அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், அப்புறம் எதிரியின் முள்கம்பி. சில இடங்களில் இரு தரப்புக்கும் இடையே ஐம்பது மீட்டர்கூட இருக்காது. அங்கே எதிரி இருமுவது கேட்கும்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இந்த வரைபடமெல்லாம் எடுபடவில்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் களிமண் தரை அது. அங்கே பல இடங்களில் கீழே வெட்ட முடியாமல், தரைக்கு மேலே மணல் மூட்டைச் சுவர் எழுப்பி அதன் பின்னால் இருந்தார்கள்.

ஒருவர் எத்தனை நாள் முன்வரிசையில் இருக்கவேண்டும்?

நான்கு ஆண்டும் குழியிலேயே கிடந்தார்கள் என்பது சரியல்ல. பிரிட்டிஷ் படையில் சுழற்சி முறை இருந்தது. முன்வரிசையில் நான்கைந்து நாள், துணை வரிசையில் சில நாள், இருப்பு வரிசையில் சில நாள், பிறகு பின்னால் ஏதாவது ஒரு கிராமத்தில் ஓய்வு. பெரிய தாக்குதல் நடக்கும்போதோ ஆள் பற்றாக்குறையின்போதோ இந்தக் கணக்கு உடைந்துபோகும். அப்போது வாரக்கணக்கில் உள்ளேயே கிடந்த படைப்பிரிவுகளும் உண்டு.

ஓய்வு என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. பகலில் அணிவகுப்பு, பயிற்சி. இரவில் முள்கம்பிச் சுருள், மரக்கட்டை, தண்ணீர் டின் எல்லாவற்றையும் முன்வரிசைக்குச் சுமக்கும் வேலை. முன்வரிசையைவிட இந்தச் சுமைவேலை கொடுமை என்று புலம்பியவர்கள் நிறைய.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பொழுது விடிவதற்கு முன்பே எல்லாரும் துப்பாக்கியில் ஈட்டிக்கத்தி மாட்டி, மண்படியில் ஏறி நின்றாகவேண்டும். அதற்கு ஸ்டாண்ட்-டு என்று பெயர். எதிரி பாய்ந்து வர ஏற்ற நேரம் அரையிருட்டு என்பதால் விடியற்காலையும் அந்திப்பொழுதும் இந்தக் காத்திருப்பு உண்டு. பனிமூட்டத்துக்குள் கண்ணை ஊன்றிப் பார்த்தபடி ஒரு மணி நேரம் போகும். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு இறங்கச் சொல்வார்கள். பிறகு ரம். மண் ஜாடியிலிருந்து ஆளுக்கு ஓரிரு மடக்கு, அதிகாரி கண்முன்னாலேயே குடிக்கவேண்டும். நடுங்கும் உடம்புக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களின் கடிதங்களைப் படித்தால் தெரியும்.

அப்புறம் காலைச் சாப்பாடு, துப்பாக்கிச் சோதனை, கால் சோதனை. பகல் முழுக்கத் தலையை வெளியே நீட்டக் கூடாது. மறைந்திருந்து சுடுபவர்கள் காத்திருப்பார்கள். வெளியே பார்க்கவேண்டுமென்றால் பெரிஸ்கோப்தான். காவலுக்கு நிற்பவர் போக மற்றவர்கள் குழியைச் சீர்செய்வார்கள், மணல் மூட்டை நிரப்புவார்கள், கிடைத்த இடத்தில் கண்ணயர்வார்கள்.

வேலை ஆரம்பிப்பதே இருட்டிய பிறகுதான். முள்கம்பியைப் பழுதுபார்க்க ஒரு கூட்டம் வெளியே போகும். வேவு பார்க்க ஒரு கூட்டம் தவழ்ந்துபோகும். பின்னாலிருந்து சாப்பாடும் தபாலும் வரும். எதிரி ஒரு வெளிச்சக்குண்டு விட்டால் வெளியில் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே சிலை மாதிரி நிற்கவேண்டும், அசைந்தால் தெரிந்துவிடும். இப்படியே விடியும், மறுபடி ஸ்டாண்ட்-டு.

எங்கே படுத்துத் தூங்கினார்கள்?

பிரிட்டிஷ் குழிகளில் அதிகாரிகளுக்குத்தான் பெரும்பாலும் நிலவறை கிடைக்கும். சாதாரண வீரர்கள் குழிச் சுவரில் குடைந்த சின்னப் பொந்துக்குள் உடம்பை மடக்கிக்கொள்வார்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள். அதுவும் இல்லாதவர்கள் மண்படியிலேயே மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்குவார்கள். முன்வரிசையில் இருக்கும் நாட்களில் பூட்ஸையோ உடுப்பையோ கழற்றிப் படுக்க அனுமதி இல்லை. இரவு முழுக்க வேலை, பகலில் குண்டுச் சத்தம். ஒருவர் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிது.

காவல் நேரத்தில் தூங்கிவிட்டால் சட்டப்படி மரண தண்டனை. 449 பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்டது இருவருக்கு மட்டும், அதுவும் மெசபடோமியாவில் (இன்றைய இராக்). தூக்கமில்லாமல் கண் சொருகிய ஒருவரைச் சுட்டுக்கொல்ல அந்த ராணுவத்துக்கே மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்ன சாப்பிட்டார்கள்?

பிரிட்டிஷ் வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4,000 கலோரி என்பது ராணுவத்தின் கணக்கு. வீட்டில் பட்டினி கிடந்த ஏழைத் தொழிலாளர்கள் பலர் படையில் சேர்ந்தபிறகுதான் தினமும் இறைச்சி பார்த்தார்கள். ஆக, அளவு பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அலுப்புதான் பிரச்சினை.

டின்னில் அடைத்த உப்புக்கண்ட மாட்டிறைச்சி, பல்லை உடைக்கும் பிஸ்கட், ஆப்பிளும் பிளம்ஸும் சேர்த்த ஜாம், டீ. இவைதான் திரும்பத் திரும்ப வரும். பிஸ்கட்டைக் கல்லால் உடைத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஜாமோடு கிளறிக் கூழாக்குவார்கள். மெக்கானகி என்ற நிறுவனத்தின் டின் குழம்பு ஒன்று உண்டு: கொஞ்சம் இறைச்சி, கேரட், டர்னிப் கிழங்கு. சூடாக இருந்தால் தின்னலாம். ஆறிவிட்டால் மேலே கொழுப்பு ஆடையாகப் படிந்து வாயில் வைக்க முடியாது. முன்வரிசையில் புகை தெரிந்தால் குண்டு வரும் என்பதால் பல நாள் ஆறினதைத்தான் தின்றார்கள். பின்னால் சமைத்ததைச் சுமந்து வந்தாலும் சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து சேர்வதற்குள் சில்லிட்டுப் போயிருக்கும்.

பிரெஞ்சு வீரர்களுக்குத் தினமும் சிவப்பு ஒயின் உண்டு. ஜெர்மானியர் நிலைமை போகப்போக மோசமானது. பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் அவர்கள் நாட்டிலேயே உணவு இல்லை. 1916-17 குளிர்காலத்தில் மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்தார்கள், ராணுவத்தின் பங்கும் சுருங்கியது. 1918 மார்ச்சில் முன்னேறிய ஜெர்மன் படையினர் பிரிட்டிஷ் கிடங்குகளில் குவிந்திருந்த உணவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

இந்தியப் படைக்கு ஏற்பாடு தனி. கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம், இஞ்சி, மஞ்சள், மிளகாய். உயிரோடு ஆடுகளைக் கொண்டுவந்து, இந்து, முஸ்லிம், சீக்கியர் அவரவர் முறைப்படி தனித்தனியே அறுத்துக்கொள்ள இடம் ஒதுக்கினார்கள்.

குடிதண்ணீர்?

இருந்தது, ஆனால் வாயில் வைக்கவே பிடிக்காது. கிருமி போகக் குளோரின் பொடி போடுவார்கள். முன்வரிசைக்குப் பெட்ரோல் டின்களில் வரும். ஆக டீயிலும் பெட்ரோல் வாடை, குளோரின் வாடை. தண்ணீர் வந்துசேராத நாட்களில் குண்டுப்பள்ளத்தில் தேங்கியதைக் காய்ச்சிக் குடித்தார்கள்; அந்தப் பள்ளத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சேறும் கால் அழுகலும் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

முழங்கால் வரை சில்லென்ற சேற்றுத் தண்ணீர். இறுக்கமான பூட்ஸ், அதற்கு மேலே காலைச் சுற்றிக் கட்டிய பட்டைத் துணி. நனைந்தால் அது இன்னும் இறுகும். நகர இடமில்லாமல் மணிக்கணக்காக நிற்கவேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறையும். முதலில் மரத்துப்போகும், பிறகு வீங்கிச் சிவந்து நீலமாகும். பூட்ஸைக் கழற்றினால் மறுபடி போடமுடியாது. அதோடு விட்டால் தோல் உரிந்து, சதை அழுகி, விரலையோ பாதத்தையோ வெட்டியெடுக்க வேண்டியதுதான். 1914-15 முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இதற்காகச் சிகிச்சைக்குப் போனார்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் இழந்த ஆட்கள் இவர்கள்.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து மிகச் சாதாரணமானது: காய்ந்த சாக்ஸ். தினமும் ஒரு முறையாவது பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, திமிங்கல எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் போடவேண்டும். இருவர் இருவராக ஜோடி சேர்த்து, ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிடச் செய்தார்கள். தன் காலைக் கவனிக்கச் சோம்பல்படுகிறவர்கூடத் தோழனின் காலைத் தட்டிக்கழிக்கமாட்டார். இரவில் சாப்பாட்டோடு காய்ந்த சாக்ஸ் மூட்டை வரும், ஈரமானவை பின்னால் போகும். தன் பிரிவில் யாருக்காவது கால் அழுகினால் அந்த அதிகாரி பதில் சொல்லவேண்டும் என்று ஆணை வந்தது. முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸும் வந்தன. நோய் வெகுவாகக் குறைந்தது.

முதல் குளிர்காலத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம். நெப்போலியன் காலத்திலேயே இப்படிப்பட்ட கால் நோயை ராணுவ மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆயிரக்கணக்கான கால்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

சேறு ஆளையே விழுங்கிய இடமும் உண்டு. 1917 ஜூலை 31 அன்று தொடங்கி நவம்பர் வரை நடந்த பாஷண்டேல் போரில், ஃபிளாண்டர்ஸ் வயல்களின் வடிகால்களைப் பீரங்கிகள் உடைத்துப்போட்டன. மேலே ஓயாத மழை. பலகைப் பாதையிலிருந்து தவறி விழுந்த ஆட்களும் குதிரைகளும் குண்டுப்பள்ளச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். காயம்பட்ட ஒருவரைத் தூக்க வழக்கமாக நான்கு பேர் போதும். அங்கே அதற்குமேலும் தேவைப்பட்டார்கள்.

பேன்?

அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசமே பார்க்காது. தலைப்பேன் வேறு, இது உடுப்பின் தையலில் குடியிருந்து உடம்பைக் கடிக்கும் பேன். ஓய்வு கிடைத்தால் எல்லாரும் சட்டையைக் கழற்றி, தையல் ஓரமாக மெழுகுவர்த்திச் சுடரை மெல்ல நகர்த்துவார்கள். முட்டைகள் படபடவென்று வெடிக்கும். துணி கருகாமல் பேன் மட்டும் சாகும்படி சுடரைப் பிடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். முன்வரிசைக்கு வெகு பின்னால் துணிகளை ஆவியில் வேகவைக்கும் நிலையங்கள் இருந்தன. ஆனால் மடிப்புக்குள் சில முட்டைகள் தப்பித்துவிடும். வெளுத்த சட்டையைப் போட்டுச் சில மணி நேரத்தில், உடம்புச் சூட்டில் அவை பொரிந்து மறுபடி அரிப்பு ஆரம்பிக்கும்.

அரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடுமையான தலைவலி, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் வலி, ஐந்து நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்று ஒரு நோய் பரவியது. ஆள் சாவது அபூர்வம், ஆனால் வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். இதற்குக் காரணம் பேன்தான் என்று 1918இல்தான் உறுதிசெய்தார்கள். போர் முடியப்போகிற நேரம் அது.

எலிகள் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?

உண்மைதான். புதைக்கப்படாத பிணங்களும் சிந்திய உணவும் இருக்கும் இடத்தில் எலி கொழுக்காமல் என்ன செய்யும்? தூங்குகிறவர் முகத்தின் மேலே ஓடும், பையைக் கடித்து ரொட்டியைத் தின்னும். தோட்டா வீண் என்று சுடத் தடை இருந்தது. மண்வெட்டியாலும் ஈட்டிக்கத்தியாலும் அடித்தார்கள், சில இடங்களில் டெரியர் நாய் வளர்த்தார்கள்.

கழிப்பறை, குளியல்?

முன்வரிசையிலிருந்து சின்னக் கிளைக் குழி ஒன்று வெட்டி, அதன் முடிவில் ஆழமான பள்ளமோ வாளியோ வைத்திருப்பார்கள். மேலே சுண்ணாம்புக் குளோரைடு தூவுவார்கள். இதைப் பராமரிக்கக் கம்பெனி எனப்படும் ஒவ்வொரு படைப்பிரிவிலும் தனி ஆட்கள். ஆட்கள் வழக்கமாகப் போய்வரும் இடம் எது என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் அங்கே குறிவைத்து அடிப்பார்கள். அதனால் பலர் காலி டின்னை எடுத்துக்கொண்டு குழிக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள்.

குளியல் முன்வரிசையை விட்டுப் பின்னால் வந்தால்தான். ஒரு மதுபான ஆலையின் பெரிய தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி, கூட்டம் கூட்டமாக இறக்கிவிடுவார்கள். முன்வரிசையில் முகம் மழிக்க ஒரு குவளைத் தண்ணீர் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்; மிச்சம் வைத்த டீயில் மழித்தவர்களும் உண்டு. பிணம், மலம், குளோரின், வியர்வை, ஈர மண் எல்லாம் கலந்த வாடையைப் புதிதாக வந்தவர்கள் தூரத்திலிருந்தே உணர்ந்தார்கள். சில நாளில் மூக்கு பழகிவிடும்.

காயம் பட்டால்?

முதலில் தூக்கிவர ஆள் வேண்டும். இருட்டும் வரை அதற்கு வழியில்லாமல் போகலாம். பிறகு குழிக்குள்ளேயே இருக்கும் முதலுதவி மருத்துவர், அங்கிருந்து கட்டுப்போடும் நிலையம், பிறகு அறுவை சிகிச்சை நடக்கும் முகாம், கடைசியில் கடற்கரை மருத்துவமனையோ இங்கிலாந்தோ.

காயங்களில் பெரும்பகுதி பீரங்கிக் குண்டின் சிதறலால் வந்தவை. 1915இல் பிரெஞ்சுக்காரர்களும், அதைத் தொடர்ந்து பிரிட்டிஷாரும், 1916இல் ஜெர்மானியரும் இரும்புத் தொப்பி கொடுக்கும் வரை தலையில் இருந்தது துணித்தொப்பியோ தோல்தொப்பியோதான். அங்கே போர்க்களம் என்பது தலைமுறை தலைமுறையாகச் சாணம் போட்ட விளைநிலம். மண்ணோடு சேர்ந்து சதைக்குள் போன கிருமி வாயு அழுகலை உண்டாக்கியது, காயம்பட்ட இடம் வீங்கி நாறி ஓரிரு நாளில் ஆளைக் கொன்றது. அதனால்தான் காயத்தைச் சுற்றியுள்ள கெட்டுப்போன சதையைச் சீக்கிரமே வெட்டி எடுக்கும் முறை வந்தது. தொடை எலும்பு உடைந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் இறந்தார்கள். உடைந்த காலை அசையாமல் பிடித்து வைக்கும் தாமஸ் சிம்புக்கட்டு எல்லா இடத்துக்கும் வந்தபிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். 1917 முதல் சேமித்து வைத்த ரத்தத்தை ஏற்றவும் தொடங்கினார்கள்.

விஷவாயு?

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பச்சை கலந்த மஞ்சள் புகை தரையோடு தரையாக வந்து குழிக்குள் இறங்கியது. காற்றைவிடக் கனமானது என்பதால் ஒளிந்த இடத்திலேயே தேடிவந்து கொன்றது. அப்போது கையில் இருந்தது நனைத்த துணி மட்டும்தான். நான்கு நாள் கழித்து அதே களத்தில் இறக்கப்பட்ட, இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் வாயுவில் சிக்கியது. அன்று மூச்சுத் திணறியபடியே காயம்பட்ட அதிகாரிகளைத் தூக்கிவந்த ஜமேதார் மீர் தஸ்துக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

1916இல் நல்ல முகமூடி வந்தது. ஆனால் 1917 ஜூலையில் வந்த கடுகு வாயு தோலையே கொப்புளிக்கவைத்து, கண்ணைக் குருடாக்கி, மண்ணில் நாட்கணக்கில் தங்கியது. வாயு வந்தால் எச்சரிக்கக் காலிப் பீரங்கி ஓட்டைத் தொங்கவிட்டு மணியாக அடித்தார்கள்.

மனம் உடைந்தவர்களை எப்படி நடத்தினார்கள்?

பலரை மோசமாக. ஓயாத குண்டுவீச்சுக்குப் பிறகு பேச்சு போனவர்கள், நடுக்கம் நிற்காதவர்கள், உடம்பில் காயமே இல்லாமல் நடக்க முடியாமல் போனவர்கள் 1914 இறுதியிலிருந்தே வரத் தொடங்கினார்கள். சார்ல்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915 பிப்ரவரியில் இதை ஷெல் ஷாக் (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரில் எழுதினார். பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேர் இந்தக் கணக்கில் வந்தார்கள். அதிகாரிகளுக்கு எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் போன்ற மருத்துவமனைகளில் பேச்சு வழிச் சிகிச்சை கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களில் சிலருக்கு மின்சார அதிர்ச்சி. சிலருக்குக் கோழை என்ற பட்டம்.

களத்தை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் மனம் உடைந்தவர்களும் இருந்தார்கள். அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களின் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க வெட்கத்தைச் சுமந்தபிறகு.

வீட்டோடு தொடர்பு இருந்ததா?

வியக்கத்தக்க அளவுக்கு இருந்தது. போரின் உச்சத்தில் வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் பிரிட்டிஷ் படைக்குப் போயின. லண்டனில் போட்ட கடிதம் இரண்டு மூன்று நாளில் குழிக்கு வந்துவிடும். அம்மா அனுப்பிய கேக்கைப் பகிர்ந்து தின்றார்கள்.

எழுத நேரமில்லாதவருக்கு அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. ‘நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’ என்பது போன்ற வரிகள் வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அதில் ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அப்படி அடித்தல் திருத்தலோடு ஓர் அட்டை வந்தாலே வீட்டில் அன்றைக்கு மூச்சு வரும், எழுதிய கணத்தில் உயிரோடு இருந்தான் என்ற அளவுக்காவது.

கடிதங்களை அதிகாரிகள் படித்துத் தணிக்கை செய்தார்கள். இந்திய வீரர்களின் கடிதங்களுக்குத் தனித் தணிக்கை அலுவலகமே இருந்தது. அந்தத் தணிக்கையாளர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகளால்தான் இன்றைக்கு நமக்கு அந்தக் குரல்கள் கிடைக்கின்றன. வீரர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது, இன்னொருவரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். தணிக்கையைத் தாண்ட மறைமொழியும் வைத்துக்கொண்டார்கள். இந்தியச் சிப்பாய்களைக் கருப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் குறிப்பிட்டு, கருப்பு மிளகு தீர்ந்துபோகிறது, இங்கே அதைத்தான் அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற பொருளில் ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த ஆளை அனுப்பாமலிருக்க அது போதும். தணிக்கையாளர்களுக்கும் அது புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இந்தியப் படையினருக்கு அங்கே நிலைமை எப்படி இருந்தது? தமிழர்கள் இருந்தார்களா?

ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்டதே, அதற்கு நான்கு நாள் கழித்து லாகூர் டிவிஷன் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. வெயில் நாட்டுக்கான பருத்திக் காக்கி உடுப்போடு வந்தார்கள். கம்பளி உடுப்பு முழுதாக வந்து சேர்வதற்குள் ஐரோப்பியக் குளிர் வந்துவிட்டது. அந்த நிலையில்தான் ஈப்ர், ஃபெஸ்டுபெர்ட் களங்களில் வரிசையைத் தாங்கிப் பிடித்தார்கள். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நெவ் ஷப்பெல் தாக்குதலில் பாதிப் படை இந்தியர்கள். அதில் அவர்கள் தரப்பில் செத்தவரும் காயம்பட்டவருமாகச் சுமார் 4,200 பேர். காயம்பட்டவர்களுக்கு இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையையே மருத்துவமனையாக்கி, ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள். 1915 இறுதியில் காலாட்படை மெசபடோமியாவுக்குப் போனது, குதிரைப்படை பிரான்ஸிலேயே தங்கியது. 1917இல் தொழிலாளர் படை வந்து சேர்ந்தது.

பிரான்ஸில் நின்ற இந்தியக் காலாட்படையில் பஞ்சாபிகள், கார்வாலிகள், கூர்க்காக்கள், பட்டாணியர்தான் பெரும்பான்மை. மதராஸ் படைகள் வேறு முனைகளுக்குப் போயின: மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை மெசபடோமியாவுக்கும், பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். ஆனால் புதுச்சேரி முதலான பிரெஞ்சு இந்தியப் பகுதிகளிலிருந்து சிலநூறு பேர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்தார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச்சின்னம் அவர்களுக்கானது.

ஜெர்மானியர் குழிகள் வசதியாக இருந்தனவா?

பொதுவாக, ஆமாம். பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்துவிடுவது அவர்கள் திட்டம்; அதனால் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்து ஆழமாகக் கட்டினார்கள். பிரான்ஸின் சோம் பகுதியின் சுண்ணாம்புப் பாறையில் தரைக்குக் கீழே பத்து மீட்டர் வரை நிலவறைகள், அடுக்குக் கட்டில், சில இடங்களில் மின்விளக்குகூட. நாளைக்கே முன்னேறப் போகிறோம், எதற்குக் கட்டவேண்டும் என்று நேச நாட்டுத் (பிரிட்டிஷ், பிரெஞ்சு) தளபதிகள் நினைத்தார்கள். அந்த நினைப்பின் விலையைச் சிப்பாய்கள் நான்கு குளிர்காலம் கொடுத்தார்கள்.

எதிரிகளோடு பேசியதே இல்லையா?

1914 கிறிஸ்துமஸ் அன்று பல இடங்களில் இரு தரப்பும் வெளியே வந்து கைகுலுக்கி, சிகரெட் மாற்றிக்கொண்டு, பிணங்களைச் சேர்ந்து புதைத்தார்கள். கார்வால் வீரர்கள் இருந்த பகுதியிலும் இது நடந்தது. அதன்பிறகு மேலிடம் கடுமையாகத் தடுத்தது. ஆனால் அமைதியான பகுதிகளில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புரிதல் இருந்தது: நீ சாப்பிடும்போது நான் சுடமாட்டேன், நான் சாப்பிடும்போது நீ சுடாதே.

மற்ற முனைகளிலும் இப்படித்தானா?

துருக்கியின் கலிப்போலியில் சேறு இல்லாமல் தாகமும் ஈயும் இருந்தன. 1915 கோடையில் அங்கே குடிதண்ணீர் கப்பலில்தான் வரவேண்டும். இந்தியக் கோவேறு கழுதைப் படையினர் அதை மலைச்சரிவில் ஏற்றினார்கள். ரொட்டியில் ஜாம் தடவி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஈ மொய்த்துக் கறுத்துவிடும். சீதபேதி படையையே சாய்த்தது. நவம்பர் கடைசியில் திடீரென வந்த பெருமழையும் பனியும் குழிகளை வெள்ளத்தில் நிரப்பி, பிறகு உறையவைத்தன.

இன்றைக்கு உக்ரைனிலும் குழிகள்தான். எலித்தொல்லை, ஈரக்கால் எல்லாம் அப்படியே திரும்பியிருக்கின்றன. இப்போது ட்ரோன் மேலேயிருந்து பார்ப்பதால் குழிக்கும் கூரை போடுகிறார்கள்.

இந்த இடங்களை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிரான்ஸில் விமி மேட்டிலும் பொமோன்-ஹமெலிலும், பெல்ஜியத்தில் டிக்ஸ்மைட அருகிலும் குழிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நெவ் ஷப்பெல் கிராமத்தில், கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர் பொறித்த நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது, சாலையோரத்திலேயே இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருந்தால், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு கொடுத்துத் தேடலாம். ஆங்கிலேயர் காது கேட்டபடி எழுதிய பெயர்கள் என்பதால், ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்கவேண்டியிருக்கும். பதிவுகள் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் இருப்பதால், ஆளை அடையாளம் காண அவை உதவும்.